கூரை உங்களுடையது, பலகை கம்பனியுடையது

"கூரை சும்மாதானே கிடக்கிறது, இருபது வருடத்துக்கு எங்களிடம் தாருங்கள், சூரிய மின்பலகை பூட்டி வாடகை தருகிறோம்" என்று ஒரு கம்பனிக்காரர் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வது? 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேறி, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் காத்திருந்து, பின்னர் கல்வீடு ஒன்றைக் கண்ட குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியல்ல.

2016 செப்டெம்பரில் அரசு 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தைத் தொடக்கியபோது மூன்று முறைகளை அறிவித்தது. அவற்றில் 'நெற் பிளஸ்' என்ற முறையில், பலகையில் உண்டாகும் மின்சாரம் முழுவதும் தனியான மானி வழியாக மின்சார சபைக்குப் போய்விடும். வீட்டுப் பாவனைக்கு வழக்கம்போல் பில் கட்ட வேண்டும். தலைக்குமேல் பலகை இருக்கப் பில் ஏன் வருகிறது என்று பிறகு சண்டை பிடித்துப் பயனில்லை. மின்கலம் இல்லாத தொகுதி, லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே ஊர் இருண்டால் உங்கள் வீடும் இருளும்.

இனி, கையெழுத்து. நம் நாட்டில் நிலவும் உரோம-டச்சுச் சட்டப்படி நிலத்தோடும் கட்டடத்தோடும் நிலையாகப் பொருத்தியது பொதுவாக நிலச் சொந்தக்காரரையே சேரும். அதனாலேயே பலகை தன்னுடையது என்று கம்பனி அழுத்தி எழுதிக்கொள்ளும். அதில் தவறில்லை. அதே அழுத்தத்தோடு உங்கள் பக்கமும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணி, வீட்டுக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். விறாந்தையில் வைத்து வாங்கிய கையெழுத்து வழக்கு மன்றத்தில் உங்களுக்குக் கைகொடுக்காது.

முறையாக எழுதிப் பதிந்த குத்தகையோ வீடு கைமாறினாலும் கூடவே போகும். நம் பகுதியில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். இன்று பத்து வயதுப் பிள்ளை கலியாணம் முடித்து வந்து மேல்மாடி கட்ட நினைக்கும்போது, கூரை இன்னொருவர் கையில் இருக்கும். ஆகவே கையெழுத்துக்கு முன் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பேசுங்கள்.

உங்கள் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியானால், முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். எழுத்து மூல அனுமதியின்றிக் காணியைப் பாதிக்கும் கொடுக்கல் வாங்கல் செய்தால் அது செல்லாமற் போவதோடு, அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து வரலாம். கம்பனிக்கு நட்டம் ஒரு கூரை. உங்களுக்கு நட்டம் காணி. இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்டிருக்கும் பட்சத்தில், திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம்.

வாடகையை மாதத்துக்கு இவ்வளவு என்று தொகையாகக் கேளுங்கள். வருமானத்தில் பங்கு என்றால் கவனம். 2016இல் வைத்த விலை முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15 ரூபாய் 50 சதம். பின்னர் சேர்ந்தவர்களுக்கு விலை ஏறியும் இறங்கியும் மாறியது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைத் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அப்படிப்பட்ட நாட்களின் நட்டம் யாருக்கு?

உங்களுக்கும் கடமை உண்டு. நிழல் விழாமல் முருங்கையை வெட்ட வேண்டும், திருத்த வருபவரை ஏறவிட வேண்டும், வயரில் கைவைக்கக் கூடாது. ஆனால் ஒரு பலகை இருபது கிலோவுக்கு மேல். அதன் பாரத்தை உங்கள் மரச்சட்டம் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அதைப் பூட்டுபவர். ஓடு உடைந்து ஒழுகினால் யார் மாற்றுவது, 2020 டிசம்பரில் புரேவி நம் கரையைக் கடந்ததுபோல் ஒரு புயல் வந்து பலகை அயல் வீட்டில் விழுந்தால் யார் பொறுப்பு, காப்புறுதி உண்டா, கம்பனி முறிந்தால் யார் கழற்றுவது? இவை தமிழில் எழுதப்பட்டு, ஒரு மூலப்பிரதி உங்கள் பெட்டிக்குள் இருக்கட்டும்.