கயோட்டி வேட்டை: தோல் கிழியாமல் இருக்க எந்தக் குண்டு? அமெரிக்க வேட்டைக்காரர்கள் போடும் கணக்கு!

அமெரிக்காவில் குளிர்காலம் தொடங்கிட்டா, கயோட்டி வேட்டைக்குப் போறவங்க மத்தியில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். 'எந்தக் குண்டு போட்டா தோல் வீணாகாது?' கேட்க சின்ன கேள்வி மாதிரி தெரியும். ஆனால், அந்தத் தோலுக்கு விலை கிடைக்குமா என்பதும், விலங்கு துடிக்காமல் சாகுமா என்பதும் இந்த ஒரு தேர்வில்தான் இருக்கு. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

கயோட்டி என்பது என்ன?

நாய், ஓநாய் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்க விலங்கு. நம்ம ஊர் நரியை விடக் கொஞ்சம் பெருசு, ஓநாயை விடச் சிறுசு. எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை இருக்கும். ஹவாய் தவிர அமெரிக்காவின் மற்ற எல்லா மாநிலங்களிலும் இது இருக்கிறது.

ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டிகளைத் தாக்குவதால் பண்ணைக்காரர்கள் இதைச் சுடுகிறார்கள். பல மாநிலங்களில் ஆண்டு முழுவதும் வேட்டையாட அனுமதி உண்டு. ஆனால் தோலை விற்க நினைக்கிறவங்க குளிர்காலம் வரை காத்திருப்பாங்க. அப்போதுதான் முடி நீளமாகவும் அடர்த்தியாகவும் இருக்கும்.

தோல் எப்படி வீணாகிறது?

குண்டு உள்ளே போகிற ஓட்டை பெரும்பாலும் சின்னதுதான். பிரச்சனை, அது வெளியே வரும் ஓட்டையில் இருக்கு. விரிந்துபோன குண்டும் உடைந்த எலும்புத் துண்டுகளும் சேர்ந்து மறுபக்கத் தோலைக் கிழித்துவிடும். சின்ன ஓட்டையை உள்பக்கமாகத் தைத்து மறைத்துவிடலாம். உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்தால் விலை போச்சு.

அதனால் வேட்டைக்காரர்கள் தேடுவது, உள்ளே போய் அங்கேயே சிதறி, வெளியே வராத குண்டு.

எத்தனை வகை இருக்கு?

முதல் வகை, மெல்லிய செம்பு உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட இலகுவான குண்டு. ஹார்னடி நிறுவனத்தின் வி-மேக்ஸ், சியராவின் பிளிட்ஸ்கிங் போன்றவை இந்த ரகம். உடலுக்குள் போனதும் பொடிப்பொடியாகச் சிதறும். தோலுக்காகச் சுடுறவங்க அதிகம் நாடுவது இதைத்தான்.

இரண்டாவது வகை, மான் வேட்டைக்கான குண்டு. இது உடையாமல் காளான் மாதிரி விரிந்து ஆழமாகப் போகும். கயோட்டி போன்ற ஒல்லியான உடம்பில் நிற்காது. மறுபக்கம் பெரிய ஓட்டை போட்டுட்டுதான் போகும்.

மூன்றாவது வகை, முழுக்க உறை மூடிய குண்டு. 'இது விரியாதே, அப்போ ஓட்டை சின்னதாதானே இருக்கும்?' என்று பலர் நினைக்கிறார்கள். சில நேரம் அப்படி நடக்கும். ஆனால் அதை நம்ப முடியாது. ஊசி மாதிரி துளைத்துப் போனால், அடிபட்ட விலங்கு வெகுதூரம் ஓடிப்போய் எங்கேயோ வலியில் சாகும். உடலுக்குள் குண்டு புரண்டால் வெளியேறும் இடம் கிழியும். பாறையிலோ உறைந்த தரையிலோ பட்டுத் தெறிக்கும் ஆபத்தும் இருக்கு.

வேகம் கூடினால் நல்லதா?

எப்பவும் இல்லை. 223 ரெமிங்டன், 22-250 ரெமிங்டன் என்ற இரண்டு ரக தோட்டாக்களிலும் ஒரே 55 கிரெயின் குண்டைப் போடலாம். அதாவது சுமார் 3.6 கிராம். முதலாவதில் அது நொடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் கிளம்பும். இரண்டாவதில் சுமார் 1,120 மீட்டர். வேகம் 13 சதவீதம்தான் அதிகம், ஆனால் ஆற்றல் கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். காரணம், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கிட்டத்தில் இருக்கும் விலங்கை 22-250ல் சுட்டால் தோல் கிழியும் வாய்ப்பு அதிகம். தூரத்தில் சுடும்போது அந்த வேகம் கைகொடுக்கும்.

இதனால் சிலர் இன்னும் சின்ன ரகத்துக்குப் போகிறார்கள். 204 ரூகர் குண்டின் விட்டம் 5.2 மில்லிமீட்டர், 17 ரெமிங்டனில் 4.4 மில்லிமீட்டர்தான். 2 கிராம் அளவே எடை கொண்ட குண்டு, அதிவேகத்தில் உள்ளே போய் அங்கேயே கரைந்துபோகும். குறை என்னவென்றால், காற்றடித்தால் சீக்கிரம் விலகும், தூரம் போகப் போக வலு குறையும்.

குண்டு மட்டும் சரியா இருந்தா போதுமா?

போதாது. எளிதில் சிதறும் குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால், மேலேயே வெடித்துப் பெரிய காயத்தை உண்டாக்கும். தோலும் போச்சு, விலங்கும் உடனே சாகாது. பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்து, தோளுக்குச் சற்றுப் பின்னால் நுரையீரல் பகுதியில் சுட்டால் இரண்டு சிக்கலும் குறையும். சரியான கோணம் கிடைக்காவிட்டால் சுடாமல் விட்டுவிடுவதே முறை.

ஈயத்தால் என்ன சிக்கல்?

சிதறும் குண்டுகள் பெரும்பாலும் ஈயத்தால் ஆனவை. உரித்துப் போட்ட உடலைத் தின்னும் கழுகுகளுக்கு அந்தத் துகள் விஷம். அழிவின் விளிம்பில் இருக்கும் கலிபோர்னியா காண்டர் பறவைகளின் சாவுக்கு ஈயம் முக்கியக் காரணம். அதனால் கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டது. செம்பு, தகரப் பொடியால் செய்த சிதறும் குண்டுகளும் சந்தையில் இருக்கு.

தோலுக்கு இன்னும் விலை இருக்கா?

குளிர்கால ஜாக்கெட்டுகளின் தொப்பி ஓரத்தில் வைக்கும் ரோமத்துக்காகத்தான் கயோட்டி தோலுக்கு மவுசு வந்தது. அந்த ரோமத்தால் பெயர் பெற்ற கனடா கூஸ் நிறுவனம், அதைக் கைவிடுவதாக 2021ல் அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர் விலகியதால், நல்ல தோலுக்கும் சேதமான தோலுக்கும் உள்ள வித்தியாசம் விற்பவருக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது.

இந்தியாவில் இப்படி வேட்டையாடலாமா?

கூடாது. கயோட்டி இங்கே கிடையாது. அதன் உறவுக்கார விலங்கான நரி, 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது. அதை வேட்டையாடுவதும், தோலை விற்பதும் தண்டனைக்குரிய குற்றம்.