அப்டேட்டுக்கு அவசரம் வேண்டாம்

மாளிகாவத்தையில் இன்று ஓடரும் வங்கிக் கொடுக்கல் வாங்கலும் கையடக்கத் தொலைபேசியிலேயே நடக்கின்றன. அது முடங்கினால் வியாபாரமும் முடங்கும். 2014 செப்டெம்பர் 24ஆம் திகதி அப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, பலரது ஐபோன் 6, 6 பிளஸ் தொலைபேசிகளில் சிக்னலையும் விரலடையாள வசதியையும் செயலிழக்கச் செய்தது. சுமார் ஒரு மணித்தியாலத்தில் அது மீளப்பெறப்பட்டது. திருத்தம் மறுநாளே வந்தது.

ஆகவே, பெரிய அப்டேட்டை நான் முதல் நாளே ஏற்றுவதில்லை. முதல் திருத்தம் வரும்வரை காத்திருப்பேன். ஏற்றுமுன் இலக்கங்களையும் வாட்ஸ்அப் தகவல்களையும் பிரதியெடுப்பேன். கோளாறு தென்பட்டால் செயலிகளைப் புதுப்பித்துப் பார்ப்பேன். அதுவும் சரிவராவிட்டால், திருத்தம் வரும்வரை வங்கிக் குறியீடு வரும் சிம்மைச் சாதாரண போனில் போட்டுச் சமாளிக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நாட்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். அது கடையைப் பூட்டாமல் வீட்டுக்குப் போவதற்குச் சமம். கடன் கொப்பியையும் கைவிட வேண்டாம்.