ஏறுவதற்கு இழுவை, இறங்குவதற்கு நிதானம்

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் ரயில், வழியில் சுமார் 600 மீட்டர் உயரத்தை இழந்தாக வேண்டும். மைசூர்ப் பீடபூமி முடிந்து தமிழகச் சமவெளி தொடங்கும் விளிம்பு அப்படிப்பட்டது. அந்த இறக்கத்தின் முக்கியமான படிகளில் ஒன்று ராயக்கோட்டைக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடையே இருக்கிறது. பாறைக் குன்றுகள், முட்புதர்கள், மானாவாரிக் காடுகள், இடையிடையே தக்காளித் தோட்டங்கள். இந்த வறண்ட மேட்டு நிலத்தில் வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைத் தடத்தில் பயணிகள் ரயில்களோடு கூட்ஸ் வண்டிகளும் ஓடுகின்றன. கனரகச் சரக்கு வண்டி எப்படி மலை ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்த்துக் கற்க இது நல்ல இடம்.

இப்பகுதிக்கு ரயில் புதிதல்ல. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் இரண்டரை அடி அகலக் குறும்பாதை வந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்லும் நோக்கமும் அதற்கு இருந்தது. 1913-இல் அது ஓசூர்வரை நீண்டு, 1941-இல் மூடப்பட்டது. விடுதலைக்குப் பிறகு சேலம்–பெங்களூர் மீட்டர்கேஜ் பாதை வந்தது. 1990-களில் அது அகலப்பாதையானது. அதன் பிறகு பல ஆண்டுகள் இந்த மேட்டில் சரக்கு இழுத்தவை ஆல்கோ வகை டீசல் இன்ஜின்கள்.

ஆல்கோ என்பது அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் இருந்த ரயில் இன்ஜின் நிறுவனம். 1962-இல் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த 2,600 குதிரைத்திறன் இன்ஜின்தான் டபிள்யூ.டி.எம்-2. 1964 முதல் வாரணாசித் தொழிற்சாலை அவற்றை இங்கேயே உருவாக்கியது. 1969-இல் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் அதன் வடிவமைப்பு இந்தியாவில் பல்லாண்டுகள் வளர்ந்தது. அப்படி வளர்ந்ததுதான் சரக்குக்கென்றே வந்த 3,100 குதிரைத்திறன் டபிள்யூ.டி.ஜி-3ஏ.

இந்த இன்ஜினில் டீசல் எந்திரம் சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரை ஓட்டுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் ஆறு அச்சுகளிலும் உள்ள மோட்டார்களுக்குப் போகிறது. லோகோ பைலட் கைப்பிடியை எட்டு நாட்ச்களில் ஏதாவது ஒன்றில் வைப்பார். நாட்ச் கூடியதும் எரிபொருள் உடனே பாயும். ஆனால் காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் டீசல் முழுமையாக எரியாது. ஆல்கோவின் புகழ்பெற்ற கரும்புகை அதுதான். புகை வெளுத்துவிட்டால் டர்போ ஈடுகொடுத்துவிட்டது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இனி ஒரு கணக்கு. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் ஒவ்வொரு டன் எடையும் பத்துக் கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். 3,000 டன் வண்டியென்றால் 30 டன். சக்கர உராய்வுக்கு இன்னும் சில டன்களைச் சேர்க்க வேண்டும். டபிள்யூ.டி.எம்-2 புறப்படும்போது தரக்கூடிய அதிகபட்ச இழுவையே சுமார் 30 டன்தான். டபிள்யூ.டி.ஜி-3ஏ ஏறக்குறைய 38 டன் தரும். தப்பித்தவறி மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்த முன்னதால் முடியாது; பின்னதற்கும் சற்றுத்தான் மிச்சம்.

இழுவைக்கு எல்லை வகுப்பது குதிரைத்திறன் மட்டும் அல்ல. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம், பிடிமானம் குறைவு. டபிள்யூ.டி.எம்-2 தன் 113 டன் எடையில் 27 சதவீதத்தைத்தான் இழுவையாக மாற்ற முடியும். அதற்கு மேல் முயன்றால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். தூறல் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்காகவே சக்கரத்தடியில் மணல் தூவும் குழாய்கள் உண்டு. ஒரு இன்ஜின் போதாதபோது இரண்டைச் சேர்த்துப் பூட்டுவார்கள். அல்லது பின்னாலிருந்து தள்ள பேங்கர் இன்ஜினை மாட்டுவார்கள். பின்னாலிருந்து தள்ளுவதில் இன்னொரு நன்மை: முன்பக்கக் கப்ளிங்குகள்மேல் விழும் பாரம் குறைகிறது.

உலகெங்கும் மலைப்பாதைப் பொறியாளர்கள் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டினார்கள். கலிஃபோர்னியாவில் மொகாவே பாலைவனத்தை ஒட்டிய டெஹாசபி மலையில், 1876-இல் தண்டவாளத்தை ஒரு முழு வட்டமாகச் சுற்றிப் போட்டார்கள். நீண்ட ரயிலின் தலை, சுற்றி வந்து தன் வால்மேலேயே கடந்து போகும். தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கும் வித்தை அது. நம் பாதையின் வளைவுகளும் சிறிய அளவில் அதே வேலையைச் செய்கின்றன.

ஆனால் ஏற்றத்தைவிடக் கடினம் இறக்கம். ஏறும்போது தவறினால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது தவறினால் நிற்காது. 3,000 டன் வண்டி 100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 800 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அத்தனையும் பிரேக் கட்டைகளின் தலையில் விழுந்தால் அவை காய்ந்து பிடிப்பை இழக்கும். தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்கள் கியரைக் குறைத்து இறக்குகிறார்கள் அல்லவா? ரயிலில் அந்த வேலையைச் செய்வது டைனமிக் பிரேக். மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறி வண்டியின் வேகத்தை உறிஞ்சும். பிறக்கும் மின்சாரம் மின்தடைக் கம்பிகளில் பாய்ந்து வெப்பமாகும். மின்விசிறி அந்த வெப்பத்தை வெளியே தள்ளும். இறங்கிவரும் ஆல்கோவிடம் புகையைவிட இந்த விசிறியின் இரைச்சல்தான் அதிகம்.

இப்போது இந்தத் தடம் மின்மயமாகிவிட்டது. டபிள்யூ.ஏ.ஜி-9 போன்ற 6,000 குதிரைத்திறன் மின்சார இன்ஜினில் கரும்புகையும் இல்லை, டர்போவின் தாமதமும் இல்லை. பெரிய மாற்றம் இறக்கத்தில்தான். ஆல்கோ சூடான காற்றாக வீசியெறிந்த ஆற்றலை இது மின்கம்பிக்கே திருப்பித் தருகிறது. அதைக் கொண்டு வேறொரு வண்டி மேடு ஏறலாம்.

பார்க்க விரும்புவோர் தண்டவாளத்தில் இறங்க வேண்டியதில்லை. அது சட்டப்படி குற்றமும்கூட. நிலைய நடைமேடையோ ரயில்வே கேட்டோ போதும். ஒற்றைத் தடம் என்பதால், எதிர்வண்டிக்கு வழிவிட்டு கூட்ஸ் வண்டி நிலையத்தின் பக்கத் தடமான லூப் லைனில் காத்திருப்பது வழக்கம். அப்போது இன்ஜின் எத்தனை, பின்னால் பேங்கர் உண்டா, வேகன்கள் நிறைந்தவையா காலியா என்று பாருங்கள். அது போகும் திசையையும் சேர்த்துக்கொண்டால், அடுத்த சில கிலோமீட்டரில் அந்த லோகோ பைலட்டுக்கு இழுவை கவலையா, பிரேக் கவலையா என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.