உங்களுக்குத் தெரியுமா? கந்தகத்துக்கு அடியில் பாதரசம்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கிளியர் ஏரிக்கரையிலுள்ள சல்ஃபர் பேங்க் பாதரசச் சுரங்கம் 1865இல் கந்தகத்துக்காகத்தான் தோண்டப்பட்டது. ஆழம் போகப்போகக் கந்தகத்தில் சிவப்புக் கறை கலந்தது. சரக்கு கெட்டது, வேலை நின்றது. அந்தச் சிவப்புதான் பாதரசத் தாதுவான சாதிலிங்கம்! 1870களில் அதற்காகவே சுரங்கம் மீண்டும் திறந்தது, 1957இல் மூடியது.

எரிமலைச் சூட்டில் மேலெழும் வெந்நீர்தான் இரண்டையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அப்படியானால் ஏரியில் கலந்த பாதரசத்துக்கும் இயற்கைதானே பொறுப்பு என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் ஏரியடிச் சேற்றில், இயந்திரங்களால் திறந்தவெளியில் வெட்டத் தொடங்கிய 1927ஐ ஒட்டிய அடுக்கில்தான் பாதரசம் திடீரென எகிறுகிறது. வெந்நீர் ஊற்று அதற்கு வெகு முன்பிருந்தே உண்டு. எனவே இந்த ஏற்றத்துக்குக் காரணம் சுரங்க வேலைதான். 1990 முதல் இவ்விடம் அமெரிக்க அரசின் ‘சூப்பர்ஃபண்ட்’ துப்புரவுப் பட்டியலில் இருக்கிறது.