பட்டனுக்குப் பின்னால் – 9
ஆசானின் வேட்டி

சென்ற வாரம் ஃபோகஸைப் பார்த்தோம். இந்த வாரம் ஒயிட் பேலன்ஸ்.

தொண்ணூறுகளின் நடுவில் நாகர்கோவிலில் ஓர் ஆசானிடம் கல்யாண வீடியோ பழகினேன். தோளில் வைத்து எடுக்கிற வி.எச்.எஸ். கேமரா. ஒரு காலத்தில் கேமரா தனி, ரெக்கார்டர் தனி; நடுவே ஒயர். 1983-ல் சோனி நிறுவனம் இரண்டையும் ஒரே உடம்பாக்கி ‘பீட்டாமூவி’ என்று விற்றது. கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்ததால் கேம்கார்டர். எங்கள் ஊரில் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரிதாக இருந்தால் வீடியோ கேமரா. கைக்குள் அடங்கினால், எந்தக் கம்பெனி செய்தாலும் ‘ஹேண்டிகேம்’.

நான் தனியாக எடுத்த முதல் கல்யாணம். முற்றத்து வெயிலில் மாப்பிள்ளை அழைப்பு. அங்கே ஒயிட் பேலன்ஸ் வைத்துவிட்டு, அதே போக்கில் உள்ளே போனேன். உள்ளே 1000 வாட்ஸ் ஹாலஜன் எரிகிறது. அந்தக் கேமராவின் வியூஃபைண்டர் கறுப்பு வெள்ளை. நிறம் கெட்டது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி கேசட்டைப் போட்டுப் பார்த்தால், தாலி கட்டும்போது பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் மஞ்சள்காமாலை!

ஆசான் திட்டவில்லை. “மக்கா, வெள்ளைன்னா என்னதுன்னு கேமராவுக்குத் தெரியாது, கேட்டியா? நீதான் காட்டிக் குடுக்கணும்” என்றார்.

நமக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. குத்துவிளக்கு வெளிச்சத்திலும் உச்சி வெயிலிலும் வேட்டி நமக்கு வெள்ளைதான், மூளை சரிசெய்துகொள்கிறது. கேமரா வந்த வெளிச்சத்தை வந்தபடி வாங்கும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். எண்ணெய் விளக்கு 2000-க்கும் கீழே, ஹாலஜன் 3200, பகல் வெயில் 5600. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, சூடு ஏற ஏற வெளுக்கிறதல்லவா, அதே கணக்கு. எண் கூடினால் நீலம் கூடும்.

ஒயிட் பேலன்ஸ் பட்டன் செய்கிற வேலை சின்னதுதான். வெள்ளைப் பொருளைக் கட்டம் நிறையக் காட்டிவிட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். பச்சையை அளவாக வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் கேமரா ஏற்றி இறக்கும். மூன்றும் சமமானதும், வியூஃபைண்டரில் மினுங்கிக்கொண்டிருந்த குறி நிலைக்கும். வெளிச்சம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

வெள்ளைக்கு எங்கே போவது? சர்ச் கல்யாணம் என்றால் கவலையில்லை, பெரும்பாலும் பொண்ணே வெள்ளைச் சேலையில் நிற்பாள். மற்ற கல்யாணங்களில் ஆசானின் வேட்டிதான். “முன்னால வந்து நில்லுங்க ஆசானே” என்பேன். காப்பித் தம்ளரோடு வந்து நிற்பார். ஒருநாள், பையில் இருந்த வெள்ளைத் தாளைக் காட்டி எடுத்தேன். நிறம் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் வேட்டி காட்டி எடுத்த படங்களில் முகங்களுக்கு ஒரு களை இருந்தது, இதில் இல்லை.

காரணம் சொட்டு நீலம். ஆசான் வீட்டில் வேட்டியை நீலம் முக்கித்தான் காயப்போடுவார்கள். லேசான நீலத்தைக் காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்றால், கேமரா அந்த நீலத்தைக் கழித்துவிடும். கழித்த அளவுக்கு முகங்களில் மஞ்சளும் சிவப்பும் ஏறும். இதற்காகவே வெளிர்நீல அட்டைகள் தொழில்காரர்களுக்கு விற்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆசான் அந்த அட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இன்று எல்லாம் ஆட்டோ. ஆட்டோவுக்கு ஒரே புத்தி: எந்த நிறம் தூக்கலாகத் தெரிந்தாலும் அதைக் குறைப்பது. கன்னியாகுமரியில் விடிகாலை, விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் அப்பால் கடல் செக்கச்செவேலென்று கிடக்கும்போது, அந்தச் சிவப்பையும் அது கோளாறு என்றே எடுத்துக்கொள்ளும். போன மாதம் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், “நேர்ல இப்படிச் சிவந்து கெடக்கு, போன்ல வெளுத்துப்போச்சே” என்று அலுத்துக்கொண்டார். வாங்கிப் பார்த்தேன். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து சூரியப் படம் போட்ட குறிக்கு மாற்றிக் கொடுத்தேன். சிவப்பு திரும்பி வந்தது.

“வேற போன் மாதிரி இருக்கே அண்ணாச்சி” என்றார். போன் அதேதான், எது வெள்ளை என்று அதற்கு ஒரு ஆள் சொல்ல வேண்டியிருந்தது.

(அடுத்த வாரம்: இருட்டில் படம் ஏன் புள்ளி புள்ளியாகிறது? – ‘கெயின்’)