பள்ளிக்கூடத்துக்குப் பூட்டும் வேண்டும், வழியும் வேண்டும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பெங்களூர் நகரில் 40க்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு ஒரே நாளில் மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பிள்ளைகள் அவசர அவசரமாக வெளியேற்றப்பட்டனர். பெற்றோர் வேலையைப் போட்டது போட்டபடி ஓடினர். போலீசார் மூலை முடுக்கெல்லாம் சோதனையிட்டனர். குண்டு எதுவும் இல்லை. வெறும் புரளி என்று தெரிந்த பிறகே ஊர் பெருமூச்சு விட்டது.

புரளிதான் என்றாலும், அன்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பரீட்சை நடந்தது. மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்து சேருவார்கள் என்பதே அந்தப் பரீட்சையின் கேள்வி. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம் எவ்வளவு, எந்த மீடியம், கன்னடம் எந்த வகுப்பில் தொடக்கம் என்றெல்லாம் பெற்றோர் விசாரிக்கின்றனர். வெளியேறும் வழி எத்தனை என்று விசாரிப்பவர் அரிது.

கும்பகோணம் தந்த பாடம்

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் மறக்க முடியாது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, கும்பகோணம் காசிராமன் தெரு. ஸ்ரீகிருஷ்ணா பள்ளிக் கட்டிடத்தில் சமையற்கூடத்தில் பிடித்த தீ, மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை பிள்ளைகள் தலைமேல் சரிந்தது. இறங்குவதற்கு இருந்ததோ குறுகலான மாடிப்படி. 94 பச்சிளங் குழந்தைகள் மாண்டனர்.

கூரை ஒன்றே குற்றவாளி அல்ல. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பள்ளி நிர்வாகத்தினரோடு கல்வித்துறை அலுவலர்களும், கட்டிடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் இருந்தனர். அதாவது, காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. கட்டிடத்தில்தான் சரியாக இல்லை. வழக்கின் தீர்ப்பு வர 10 ஆண்டு ஆயிற்று. 2014 ஜூலை 30ல்தான் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீ மட்டுமல்ல, சுவரும் உயிரைப் பறிக்கும். 2021 டிசம்பர் 17ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் பலியானார்கள். பெங்களூருக்கும் இந்தச் சோகம் புதிதல்ல. 1981 பிப்ரவரி 7ல் வீனஸ் சர்க்கஸ் கூடாரத்தில் தீப்பிடித்து 92 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு

கும்பகோணம் துயரத்தை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரல் 13ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்றே பொருள் என அத்தீர்ப்பு அறிவித்தது. அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும். அவற்றை இயக்க ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி வேண்டும். தேசியக் கட்டிட விதிகளைப் பின்பற்ற வேண்டும். நேரில் ஆய்வு செய்த பிறகே பாதுகாப்புச் சான்று தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கடமை தவறும் அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் கூறியது.

பூட்டா, வழியா?

2014 ஜூலையில் பெங்களூர்ப் பள்ளி ஒன்றில் சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமை நகரையே உலுக்கியது. பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். அதன்பின் கண்காணிப்புக் கேமரா, ஊழியர்களின் பூர்வீக விசாரணை, வாசலில் காவலாளி என்று கட்டுப்பாடுகள் வந்தன. இவை அவசியமே.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்நியர் நுழையக்கூடாது என்று பின்வாசலைப் பூட்டிச் சாவியை ஆபீஸ் மேஜைக்குள் போட்டுவிட்டால், தீ வந்த நேரத்தில் அதே பூட்டு பிள்ளைகளுக்கு எமனாகும். குடியிருப்பு வீடுகளையே பள்ளியாக மாற்றிய நெருக்கடியான சந்துகளில் இந்த ஆபத்து அதிகம். ஜன்னலெல்லாம் கம்பி, வாசலில் இழுத்துப் பூட்டும் இரும்புக் கதவு, மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சும் பழைய காகிதமும்!

பூட்டும் வேண்டும், வழியும் வேண்டும். வெளியிலிருந்து திறக்க முடியாமலும், உள்ளேயிருந்து சாவி இல்லாமல் தாழ்ப்பாளை நீக்கித் திறக்கும்படியும் கதவு அமைந்தால் இரண்டும் கைகூடும். பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சாவியோடு ஓர் ஆள் அங்கேயே நிற்க வேண்டும்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

அடுத்த முறை கட்டணம் கட்டப் போகும்போது பத்து நிமிடம் ஒதுக்கிச் சுற்றிப் பாருங்கள். மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டா? மாடிப்படி ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்கிறதா? வழியில் சாமான் அடைத்திருக்கிறதா? சமையல் எரிவாயு சிலிண்டர் வகுப்பறைக்கு அருகில் இருக்கிறதா? தீயணைப்புக் கருவியின் மீட்டர் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? கடைசியாகச் சோதித்த தேதி அதில் எழுதியிருக்கிறதா? சுவரில் விரிசல் உண்டா? பிள்ளையையும் கேளுங்கள்: "மணியடித்து எல்லோரையும் வெளியே கூட்டிவந்து பழக்கியிருக்கிறார்களா?" பிள்ளை பொய் சொல்லாது.

யாரிடம் கேட்பது?

கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். கர்நாடகத்தில் இதை எஸ்.டி.எம்.சி. என்பர். ஷிப்டு வேலைக்குப் போகும் தகப்பனாருக்கு நேரமில்லை என்றால் தாயார் போகலாம். குழுவில் பாதி இடம் பெண்களுக்கு உரியது. கன்னடம் சரளமாக வராது என்று கூச்சப்பட வேண்டாம். கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்ல எந்த மொழியும் போதும்.

தனியார் பள்ளியானால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பலனில்லையேல் பி.இ.ஓ. ஆபீசுக்கு மனுப் போடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குத் தீயணைப்புத் துறை ஒப்புதல் உண்டா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆங்கிலத்திலும் எழுதலாம். பிள்ளைகளுக்குக் கொடுமை நேர்ந்தால் 1098 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம்.

கேள்வி கேட்டால் பிள்ளையைக் கறுவுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. தனியாகப் போகாமல் நாலைந்து பெற்றோர் சேர்ந்து போனால் அந்த அச்சம் பாதி போய்விடும். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது பள்ளியின் வேலை. அது சொல்லும் வழி கட்டிடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் வேலை.