டப்பாவுக்குள் ஆறு மாத வெயில்!

ஒரே ஒரு போட்டோ எடுக்க எட்டு வருஷம்! இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில், 2012-ல் ரெஜினா வால்கன்பர்க் என்ற மாணவி ஒரு பீர் டின்னைத் தொலைநோக்கியில் கட்டிவைத்தார். பிறகு மறந்தே போனார். 2020-ல் கழற்றினால், உள்ளே 2,953 சூரியத் தடங்கள்!

டின்னில் ஊசித்துளை, துளைக்கு எதிரே கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர். கேமரா ரெடி! சூரியன் தினமும் ஒரு கோடு போடும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும்.

திண்டுக்கல்லில் செய்துபார்க்க ஆசையா? டிசம்பர் 21-ல் மொட்டைமாடியில் கிழக்கு பார்த்து அசையாமல் கட்டுங்கள். ஜூன் 21-க்குள் சூரியன் உதிக்கும் இடம் தெற்கிலிருந்து வடக்காகச் சுமார் 48 டிகிரி நகர்ந்திருக்கும். வீடு மலைக்கோட்டைக்கு மேற்கே இருந்தால், கோட்டைக்குப் பின்னாலிருந்தே தடங்கள் எழும்.

கவனம்: மழைநீர் புகாதபடி டேப் ஒட்டுங்கள். பேப்பரை ரசாயனத்தில் கழுவ வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் எடுத்து, ஒரே தடவை ஸ்கேன் செய்யுங்கள். வெளிச்சம் பட்டால் படம் கறுத்துவிடும். ஸ்கேன் செய்த படத்தை செல்போனில் நெகட்டிவாக மாற்றினால் தடங்கள் பளிச்சிடும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது!

இதே மாவட்டத்துக் கொடைக்கானல் ஆய்வகம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனின் முகத்தைப் படமெடுக்கிறது. அது நடந்துபோன பாதையை நம் வீட்டு டப்பாவே எடுத்துவிடும்.